இருபத்தொரு வயது வரைக்கும்தான் மகள்

அன்புள்ள பியூலா,

போன சனிக்கிழமை உன் அறையில் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து, புகுந்த வீட்டுக்கு எதை எடுத்துப் போவது, எதை இங்கேயே விடுவது என்று பிரித்துக்கொண்டிருந்தாய். நான் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தாமலே, "அப்பா, இந்த ரூமை யாருக்கும் வாடகைக்கு விட்டுடாதீங்க. தலைப்பிரசவத்துக்கு நான் இங்கதான் வருவேன், இப்பவே சொல்லிட்டேன்" என்றாய். நான் "முதல்ல கல்யாணம் ஆகட்டும்மா" என்று சொல்லிவிட்டு, பால் வாங்கி வருவதாக வெளியே போனேன். பால் காலையிலேயே வாங்கியாகிவிட்டது என்பது உனக்குத் தெரியும்.

நீ வரும்போது இந்த வீடு நம்மிடம் இருக்காது, அம்மா. கல்யாணம் முடிந்த பிறகு இதை விற்கப்போகிறோம். பாதி உன் ஜெயராஜ் மாமாவுக்குப் போகவேண்டும். அவர் அடித்துப் பிடுங்கவில்லை. சட்டம் அவருக்குக் கொடுக்கிறது. சட்டம் ஏன் உன் அம்மா கட்டிய வீட்டை உனக்குக் கொடுக்காமல் அவள் தம்பிக்குக் கொடுக்கிறது என்பதைத்தான் இந்தக் கடிதத்தில் சொல்லப் பார்க்கிறேன். முப்பத்து நான்கு வருடம் கரும்பலகைக்கு முன்னால் நின்று யார் யாருக்கோ எதை எதையோ புரியவைத்தவன், இதை மட்டும் உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாமல் தாளை எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறேன். நீ படித்து முடித்த பிறகு, உனக்குச் சம்மதம் என்றால், நம் சபையில் பிள்ளை எடுத்து வளர்க்கிறவர்களிடமும் இதைக் கொடு. அவர்களுக்காவது உதவட்டும்.

நீ எங்கள் வயிற்றில் பிறக்கவில்லை என்பது உனக்கு எட்டு வயதிலேயே தெரியும். அம்மா உனக்குத் தலை பின்னிக்கொண்டே சொன்னாள். நீ, "அப்போ என்னை செலக்ட் பண்ணி எடுத்தீங்களா?" என்று கேட்டாய். "ஆமா, கத்திரிக்காய் பொறுக்கற மாதிரி" என்றாள் அவள். மூன்று பேரும் சிரித்தோம். அந்தச் சிரிப்போடு விஷயம் முடிந்துவிட்டது என்று நான் நம்பினேன். உண்மையில் நாங்கள் உனக்குச் சொன்னது பாதிதான். எடுத்தோம் என்று சொன்னோம். எப்படி எடுத்தோம், எந்தக் காகிதத்தில் எடுத்தோம் என்று சொல்லவில்லை.

நம் நாட்டில் தத்து என்பது எல்லோருக்கும் ஒன்றல்ல. இந்துக் குடும்பம் ஒரு குழந்தையைத் தத்தெடுத்தால், அந்தக் குழந்தை அன்று முதல் அந்த வீட்டில் பிறந்த குழந்தை. பிறந்த வீட்டோடு இருந்த உறவு அறுந்து, இந்த வீட்டோடு ஒட்டிக்கொள்ளும். சொத்தில் பங்கு உண்டு, பெயர் உண்டு. பெற்றோர் மனம் மாறினாலும் பிறகு அதை ரத்து செய்ய முடியாது. நம்மைப் போன்ற கிறிஸ்தவர்களுக்கு அப்படி ஒரு சட்டமே இல்லை. நாம் காப்பாளராக மட்டும் இருக்கலாம். கோர்ட்டுக்குப் போய் மனு போட்டால், இந்தக் குழந்தையை இவர்கள் பார்த்துக்கொள்ளலாம் என்று உத்தரவு கொடுப்பார்கள்.

பள்ளிக்கூடத்து உதாரணம் சொல்கிறேன். ஒரு டீச்சர் நீண்ட விடுப்பில் போனால் அந்த இடத்துக்குத் தற்காலிகமாக ஒருவரைப் போடுவார்கள். அவர் பாடம் நடத்துவார், விடைத்தாள் திருத்துவார், காய்ச்சல் வந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடுவார். பிள்ளைகள் அவரைத்தான் டீச்சர் என்று கூப்பிடும். காலம் முடிந்த அன்று மாலை வருகைப் பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே ஒரு கோடு போட்டுவிடுவார்கள். மறுநாள் அவரை உள்ளே விட வாட்ச்மேன் யோசிப்பார். காப்பாளர் என்றால் அப்படித்தான். கோர்ட் காப்பாளரை நியமித்தால் அது பதினெட்டு வயதோடு முடியாது; எனக்குக் கிடைத்த காலம், உனக்கு இருபத்தொரு வயது ஆகும் வரை.

எண்பதுகளின் தொடக்கத்தில், உனக்கு மூன்று வயது நடக்கும்போது, தாம்பரத்தில் ரயிலேறிச் செங்கல்பட்டுக்குப் போனோம். அங்கே நமக்கு ஒரு வக்கீல் இருந்தார். நெற்றி நிறைய விபூதி, வாய் நிறைய வெற்றிலை, நல்ல மனிதர். எங்கள் மனுவைப் பார்த்துவிட்டு, "சார், எதுக்கு இந்தச் சுத்து வழி? உங்க பேரைப் பாத்தா யாருக்கும் ஒண்ணும் தெரியாது. இந்துன்னு ஒரு அஃபிடவிட் போட்டு, முறைப்படி தத்துப் பத்திரம் எழுதி ரிஜிஸ்டர் பண்ணிடலாம். மேடம் பேருதான் கிரேஸ். அதுக்கு ஏதாவது கங்கான்னு வச்சிக்கலாம்" என்றார். உன் அம்மா சிரித்தாள். "நல்ல பேர்தான்" என்றாள். நான் சிரிக்கவில்லை. முத்திரைத்தாளில் பொய் எழுதுவதா, அதுவும் விசுவாசத்தைப் பற்றியா என்று எழுந்துவிட்டேன். வக்கீல் கையைக் கூப்பி, "உங்க இஷ்டம் சார். பொண்ணு நல்லதுக்குச் சொன்னேன்" என்றார்.

திரும்பும் ரயிலில் நீ அம்மா மடியில் தூங்கிவிட்டாய். வண்டலூர் தாண்டியதும் அவள், "ஏங்க, ஆண்டவரைத் தெரியாதுன்னு மூணு தடவை சொன்ன சீஷனையே அவர் மன்னிச்சாரு. ஒரு பொண்ணுக்காக ஒரே ஒரு தடவை சொன்னா உங்களை மன்னிக்க மாட்டாரா?" என்று கேட்டாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். எல்லா மதத்தாருக்கும் பொதுவாகத் தத்துச் சட்டம் கொண்டுவரப் போகிறார்கள் என்று செய்தித்தாளில் வந்திருந்தது. அதை அவளிடம் சொன்னேன். "கொஞ்சம் பொறு, வந்துடும்" என்றேன். அது வரவில்லை. நான் பொறுத்துக்கொண்டே இருந்தேன். பொறுமை என்பது ஆசிரியர்களுக்கு ஒரு தொழில் நோய், பியூலா. பிள்ளை என்றாவது ஒருநாள் புரிந்துகொள்ளும் என்று காத்திருந்து பழகியவர்கள், அரசாங்கமும் என்றாவது ஒருநாள் புரிந்துகொள்ளும் என்று காத்திருந்துவிடுவோம்.

காப்பாளர் உத்தரவு கிடைத்தது. அதை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு பீரோவில் வைத்தோம். அதன்பிறகு பதினைந்து வருடங்கள் அந்தக் காகிதம் எங்களுக்குத் தேவைப்படவே இல்லை. உன் மதிப்பெண் அட்டையில் 'பெற்றோர் அல்லது காப்பாளர் கையொப்பம்' என்று அச்சடித்திருக்கும். கணக்கில் நீ வாங்கிய மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு அம்மா என்னிடம் நீட்டுவாள்: "இந்த மார்க்குக்கு நீங்களே காப்பாளரா இருந்துக்குங்க. நான் பெத்தவளாவே இருந்துக்கறேன்." இப்படி அதை வைத்து நாங்கள் கேலி செய்துகொள்ளும் அளவுக்கு அது சின்ன விஷயமாகிவிட்டது.

இந்த மனை அம்மா வாங்கியது. ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி பார்த்துச் சேர்த்ததிலும் அவள் நகைகளிலும் வாங்கியது. சேலையூரைத் தாண்டி மாடம்பாக்கம் போகிற ரோட்டில் அப்போது ஆளே கிடையாது. மழைக்காலத்தில் ஏரித் தண்ணீர் ரோடு வரைக்கும் வரும். "இங்க யாரு மச்சான் குடியிருப்பா, தவளைதான் இருக்கும்" என்று ஜெயராஜ் மாமா கிண்டல் செய்தார். ஆனால் கடைக்கால் தோண்டிய அன்று முதல் ஆளாக மண்வெட்டியோடு நின்றவரும் அவர்தான். உன்னைத் தோளில் உட்காரவைத்து, "பாப்பா, இதுதான் உன் ரூமு, இங்க ஜன்னல் வருது" என்று வெறும் மண்ணில் கோடு கிழித்துக் காட்டினார். பத்திரத்தை அம்மா தன் பெயரிலேயே எழுதிக்கொண்டாள். "எனக்கப்புறம் பாப்பாவுக்கு" என்று எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறாள். சொன்னதெல்லாம் வாய்வார்த்தை.

அவளுக்குக் கர்ப்பப்பையில் புற்றுநோய் என்று தெரிந்தபோது நீ காலேஜ் முதல் வருடம். இரண்டாவது ஆபரேஷனுக்கு முந்தைய நாள், நீ கேன்டீனுக்கு டீ வாங்கப் போயிருந்தாய். அவள் என் கையைத் தட்டி, "வீட்டை பியூலா பேருக்கு ஒரு உயில் எழுதிடலாமாங்க? ஒரு வெள்ளைத் தாள் இருந்தாப் போதும், வார்டுலயே ரெண்டு பேர் சாட்சி போடுவாங்க" என்றாள். அவள் நர்ஸ். எத்தனை படுக்கைகளுக்குப் பக்கத்தில் நின்று இதைப் பார்த்திருப்பாள். எனக்கு உயில் என்ற வார்த்தையைக் கேட்டதும் பயம் வந்துவிட்டது. எழுதினால் அவள் போய்விடுவாள் என்பதுபோல. "அதுக்கெல்லாம் இப்ப என்ன அவசரம்? சரியாகி வீட்டுக்கு வா, நிதானமா எழுதலாம்" என்றேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு வெள்ளைத் தாள். என் சட்டைப்பையில் பேனா இருந்தது. உன் கணவர் என்றைக்காவது இப்படி ஒன்று கேட்டால், அல்லது நீ கேட்டு அவர் பேச்சை மாற்றினால், விட்டுவிடாதே. பயந்துகொண்டே எழுதுங்கள். எழுதிவிட்டு அழுங்கள்.

அடுத்து நான் சொல்லப்போவதை உன்னிடம் இரண்டு வருடமாக மறைத்திருக்கிறேன். அம்மா போன மூன்றாம் மாதம், வீட்டு வரியிலும் கரண்ட் கனெக்‌ஷனிலும் பெயர் மாற்ற வாரிசுச் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். தாலுகா ஆபீசுக்குத் தனியாகப் போனேன். உனக்குப் பரீட்சை. மனுவில் வாரிசுகள் என்ற கட்டத்தில் என் பெயரையும், அதன் கீழே 'மகள்' என்று உன் பெயரையும் எழுதிக் கொடுத்தேன். அங்கிருந்த கிளார்க் சின்னப் பையன்தான், மரியாதையாகத்தான் பேசினார். உன் பிறப்புச் சான்றிதழ் கேட்டார். நான் கோர்ட் உத்தரவைக் கொடுத்தேன். படித்துப் பார்த்துவிட்டு, "சார், இது கார்டியன் ஆர்டர். இதை வச்சி மகள்னு போட முடியாது. வளர்ப்புப் பொண்ணு வாரிசுல வராது சார்" என்றார். நான் வாதாடினேன். மூன்று வயதிலிருந்து வளர்த்தோம் என்றேன், ஞானஸ்நானச் சான்றிதழ் இருக்கிறது என்றேன். பக்கத்தில் ஃபைல் கட்டிக்கொண்டிருந்த பியூன் பெரியவர் எனக்காக இறங்கி வந்து, "இன்னா சார் நீ, அந்தப் பொண்ணு இவுரு வூட்டுலயே வளந்துகினு கீது, ஊருக்கே தெரியும், எழுதிட்டுப் போயேன்" என்றார். "எழுதினா என் வேலை போயிடும்ணே" என்றார் கிளார்க்.

பிறகு ஒரு புதுப் படிவத்தைக் கொடுத்தார். அதில் 'குழந்தைகள்' என்ற இடத்தில் அவரே பென்சிலால் லேசாக 'இல்லை' என்று எழுதிக் காட்டி, "இதுமேல பேனால எழுதிக் கையெழுத்துப் போட்டுடுங்க சார். அம்மாவுக்குக் கூடப்பிறந்தவங்க யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார். ஒரு தம்பி என்றேன். "அப்ப அவர் பேரையும் எழுதுங்க" என்றார். வெளியே வரிசை நின்றது. எனக்குப் பின்னால் ஒரு கைக்குழந்தைக்காரி நின்றாள். நான் அந்தப் பென்சில் எழுத்தின் மேல் பேனாவை வைத்து எழுதினேன். முதல் வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுத்துப் பழக்குவோமே, அந்த மாதிரி. ஆண்டவரைத் தெரியாது என்று எழுத மாட்டேன் என்று எழுந்து வந்தவன், உன்னைத் தெரியாது என்று எழுதிக் கொடுத்தேன். திரும்பி வந்தபோது நீ, "பரீட்சை நல்லா எழுதிட்டேன்பா" என்றாய். நானும் நன்றாகவே எழுதியிருந்தேன்.

அதே செங்கல்பட்டு வக்கீலைத் தேடிப் போனேன். இப்போது அவருக்கு வெற்றிலை நின்றுவிட்டது, பல் இல்லை. "இப்பவாவது அவளைத் தத்தெடுக்க வழி இருக்கா?" என்று கேட்டேன். "பத்தொன்பது வயசுப் பொண்ணையா? சில வெளிதேசத்துல வளர்ந்தவங்களைக்கூடத் தத்தெடுப்பாங்களாம் சார். இங்க இந்துக்களுக்கே பதினஞ்சு தாண்டினா முடியாது. உங்களுக்கு அன்னிக்கே கதவு இல்லை, இன்னிக்கு ஜன்னலும் இல்லை" என்றார். சொத்து விஷயத்தையும் அவர்தான் விளக்கினார். பிள்ளையில்லாமல், உயிலில்லாமல் ஒரு கிறிஸ்தவப் பெண் இறந்தால், தாய் தகப்பனும் இல்லாத பட்சத்தில், பாதி கணவனுக்கு, பாதி அவள் உடன்பிறந்தவர்களுக்கு. பிள்ளை இருந்தால் உடன்பிறந்தவர்களுக்கு ஒன்றுமில்லை. நீ பிள்ளை என்றால் மாமாவுக்கு ஒன்றுமில்லை. நீ பிள்ளை இல்லை.

"அன்னிக்கு நீங்க சொன்ன மாதிரி கையெழுத்துப் போட்டிருந்தா?" என்று கேட்டேன். அவர் சொன்னார்: "உண்மையைச் சொன்னா, அதுவும் நிக்காது சார். சர்ச்சுல கல்யாணம் பண்ணினவங்க, சர்ச்சுல ஞானஸ்நானம் கொடுத்தவங்கன்னு நிரூபிச்சா, பத்திரம் செல்லாதுன்னு உடைச்சிடலாம். யாரும் உடைக்கலைன்னா நின்னிருக்கும்." அதைக் கேட்டபோது எனக்கு ஆறுதலாக இருந்தது, பியூலா. என் பிடிவாதத்தால் மட்டும் இது நடக்கவில்லை என்ற ஆறுதல். பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து வருவதற்குள் அந்த ஆறுதலை நினைத்து வெட்கமாகிவிட்டது. உனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. எனக்கு மட்டும் ஒரு சாக்குக் கிடைத்திருக்கிறது.

உன் இருபத்தொன்றாம் பிறந்தநாள் நினைவிருக்கிறதா? காலையில் உன்னைச் சர்ச்சுக்கு அழைத்துப் போகச் சொன்னாய். நான் தாமதமாகத்தான் கிளம்பினேன், நீ கோபித்துக்கொண்டாய். பீரோவைத் திறந்து அந்த உத்தரவைப் படித்துக்கொண்டிருந்தேன். அன்றோடு அது முடிந்தது. அதுவரை உனக்குக் காப்பாளர் என்ற பெயராவது எனக்கு இருந்தது. அன்று சர்ச்சுக்கு உன்னோடு நடந்து வந்தவன் சட்டப்படி உனக்கு யாரும் இல்லை. நீ என் கையில் தொங்கிக்கொண்டு, "ஸ்பீடா நடங்கப்பா" என்றாய்.

ஜெயராஜ் மாமாவைத் தப்பாக நினைக்காதே. அவர் இந்த வருடம் ஈஸ்டருக்குப் பிறகு ஒரு நாள் வந்தார். உள்ளே வரத் தயங்கி வாசல் கேட் அருகிலேயே நின்றார். வரச்சொல்லி உட்காரவைத்தேன். "மச்சான், எனக்குப் பாப்பா மேல பாசம் இல்லைன்னு மட்டும் நினைச்சிடாதீங்க" என்றுதான் ஆரம்பித்தார். "எனக்கும் ரெண்டு பொண்ணு இருக்கு. அத்தையோட வீட்டுல நமக்குப் பங்கு உண்டாமேப்பான்னு பெரியவ கேட்டுட்டா. சான்றிதழ்ல என் பேரு இருக்கு. நான் வேணாம்னு சொன்னா, நாளைக்கு அவங்க என்னைப் பாத்து, உனக்கு நாங்க பொண்ணா அவ பொண்ணான்னு கேப்பாங்க. நான் என்ன பதில் சொல்லட்டும், நீங்களே சொல்லுங்க." அவர் இடத்தில் நான் இருந்திருந்தாலும் இதையேதான் கேட்டிருப்பேன். "அக்கா இருந்திருந்தா இந்தப் பேச்சே வந்திருக்காது" என்று அழுதார். கல்யாணம் வரைக்கும் பொறுப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். பாதி வீட்டில் நான் இருக்க, பாதியில் அவர் இருக்க இது அரண்மனை இல்லை. அவர் பங்கை வாங்கிக்கொள்ள என்னால் முடியாது. கல்யாணத்தில் தாய்மாமன் நிற்கவேண்டிய இடத்தில் அவரே நிற்கட்டும். அவர் கையால் நீ வாங்கவேண்டியதை வாங்கிக்கொள். உன் ஜன்னலுக்குக் கோடு கிழித்தவர் அவர்.

போன ஞாயிறு நம் சபையில் உன் கல்யாண அறிவிப்பின் முதல் ஓலையை வாசித்தார்கள். சபைப் போதகரான ஐயர் என் பெயரையும் அம்மா பெயரையும் சொல்லி, 'இவர்களுடைய குமாரத்தி பியூலா' என்று வாசித்தார். வழக்கம்போல, இதற்குத் தடை ஏதும் உண்டென்று அறிந்தவர்கள் இப்போதே சொல்லலாம் என்றார். உனக்கு அது ஒரு சடங்கு. உன் சிநேகிதிகள் உன்னை இடித்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஜெயராஜ் மாமா இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்திருந்தார். அவர் எழுந்திருக்கமாட்டார் என்று தெரியும். இருந்தாலும் அவர் பின்கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் எழவில்லை. இன்னும் இரண்டு ஞாயிறு வாசிப்பார்கள். எனக்குத் தெரிந்து, உன்னை எங்கள் மகள் என்று எழுதி, சத்தமாகப் படித்து, ஒருவரும் மறுக்காத இடம் அது ஒன்றுதான். ஆனால் அந்த ஓலையைக் காட்டி ஒரு ஜன்னலைக்கூட உனக்கு வாங்கித் தர முடியாது.

உனக்குப் பிள்ளைகள் பிறக்கட்டும். பிறக்காவிட்டால், அல்லது பிறந்த பிறகும் மனம் வந்தால், நீயும் ஒரு குழந்தையை எடுத்து வளர்க்க யோசிக்கலாம். வளர்க்காதே என்று நான் சொல்லமாட்டேன். நீ எங்களுக்கு என்னவாக இருந்தாய் என்பது எனக்குத் தெரியும். ஆனால் தொட்டில் வாங்குவதற்கு முன்னால் வக்கீலைப் பார். அதற்குள் சட்டம் மாறியிருக்கலாம். மாறியிருக்கும் என்று நம்பி மட்டும் இருந்துவிடாதே, போய்க் கேள். உயிலை உடனே எழுது. பாசம் இருக்கிறதே, காகிதம் எதற்கு என்று நாங்கள் இருந்தோம். பாசத்தில் எங்களுக்குக் குறை வைக்கவில்லை நீ. நாங்கள் காகிதத்தில் உனக்குக் குறை வைத்துவிட்டோம்.

வீடு விற்று வருவதில் என் பாதியும், வேறு எது இருக்கிறதோ அதுவும் உனக்குத்தான். அதற்கு உயில் எழுதிவிட்டேன். வருகிற திங்கட்கிழமை பதிவு செய்யப் போகிறேன். பயனடைகிறவர் சாட்சி போட்டால் அது செல்லாதாம், அதனால் நீ கையெழுத்துப் போடக்கூடாது. என்னோடு வேலை பார்த்த இரண்டு ஆசிரியர்கள் வருகிறார்கள்.

உயிலை வக்கீல்தான் எழுதிக் கொடுத்தார். படித்துப் பார்த்துவிட்டு, 'நான் வளர்த்த பியூலா' என்று இருந்ததை 'என் மகள் பியூலா' என்று மாற்றச் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "போடலாம் சார். நாளைக்கு உங்க அண்ணன் பசங்க யாராவது கோர்ட்டுக்குப் போய், இவருக்கு மகளே கிடையாது, அவரே தாலுகா ஆபீஸ்ல எழுதிக் கொடுத்திருக்காரு, அப்ப இந்த உயில்ல மத்ததும் பொய்தான்னு சொன்னா, பொண்ணு பாவம் எத்தனை வருஷம் அலையும்? உள்ளதை உள்ளபடி எழுதினா எவனும் தொட முடியாது." வேறு எப்படியாவது எழுத முடியாதா என்று மூன்று தரம் கேட்டேன். பிள்ளைக்குப் பாடம் சொல்வதுபோல மூன்று தரமும் பொறுமையாக அதையே சொன்னார். சரி என்று தாளை வாங்கிக்கொண்டு வந்தேன். இப்போது மேஜைமேல் இருக்கிறது.

அதை நீ பிரித்துப் படிக்கும் நாளில் பக்கத்தில் இருந்து விளக்கம் சொல்ல நான் இருக்கமாட்டேன். அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன். இரண்டாவது வரியில், என் கையெழுத்துக்கு மேலே, 'எனக்குப் பிள்ளைகள் இல்லை' என்று இருக்கும். அந்த வரியை எழுதாமல் உனக்கு எதையும் கொடுக்க எனக்கு வழி தெரியவில்லை, அம்மா.

அப்பா